சிவந்த மஞ்சள்

அத்தியாயம் 9

கோபால்சாமியின் வண்டி மலையேறி வருவதற்குள் ஏதாவது ஒன்று கையில் சிக்கியாக வேண்டும். வண்டி வந்துவிட்டால் நெல்லிமடு என்ற மலையூரின் கொட்டகையில் இருக்கும் பேட்டரிப் பெட்டிகள் அத்தனையும் கீழே போய்விடும். போன பிறகு, அவற்றைச் செய்த நவீன்குமார் சுனையில் தானாகக் குதித்துச் செத்தான் என்று போலீஸ் எழுதிய வரியை அந்த மலைச்சாமியே வந்து மறுத்தாலும் மாற்ற முடியாது.

இது தெரிந்துதான் அம்சவல்லி ஸ்கூட்டரை அப்படி விரட்டினாள். கொண்டை ஊசி வளைவில் பின்னால் இருந்தவரின் கை அவள் தோளை இறுக்கிப் பிடித்தது.

"ஆடாம உக்காருங்க சார். வண்டிக்குப் பெட்ரோல் போட்ருக்கேன், இன்சூரன்ஸ் போடல."

பின்னால் இருந்தவர் தாண்டவராயன். வேலூர் கோர்ட்டில் அமீனாவாக இருந்து ஓய்வு பெற்றவர். வீடு வீடாகச் சம்மன் கொண்டுபோன அந்தக் காலத்திலேயே, உள்ளே ஆள் இருக்கிறானா இல்லையா என்று வாசலில் கிடக்கும் செருப்பைப் பார்த்துச் சொல்லிவிடுவார். இப்போது சத்துவாச்சாரியில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறார். அம்சவல்லி அங்கே குமாஸ்தா, டிரைவர், அவர் பேசாத நேரத்தில் வாய், எல்லாமும். அவர் பேசுகிற நேரம் குறைவு.

அவளுக்கு இந்த வழக்கில் ஒரு பிடிவாதம் இருந்தது. அவள் புருஷன் மின்கம்பத்தின் மேலே வேலையாக இருந்தபோது கீழே யாரோ சப்ளையைப் போட்டுவிட்டார்கள். கான்ட்ராக்டர் 'சொந்த அஜாக்கிரதை' என்று இரண்டு வார்த்தையில் எழுதி முடித்தான். ஆள் போனது ஒரு சாவு என்றால் அந்த இரண்டு வார்த்தை இன்னொரு சாவு. முதலாவதற்குப் பதினாறாம் நாள் காரியம் உண்டு. இரண்டாவதற்குக் காரியமே கிடையாது. அது வீட்டுக்குள்ளேயே நடமாடிக்கொண்டிருக்கும்.

அதனால்தான் நவீன்குமாரின் மனைவி புவனா வயிற்றைப் பிடித்துக்கொண்டு அலுவலகப் படியேறி வந்த அன்று, தாண்டவராயன் வாயைத் திறப்பதற்கு முன்பே அம்சவல்லி நாற்காலியை இழுத்துப் போட்டாள். புவனா அழவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"பொறக்கப்போற பிள்ளை ஒருநாள் கேக்கும்ல? உங்கப்பா உன்னைப் பாக்க இஷ்டமில்லாம போய்ட்டாருன்னு நான் எப்படிச் சொல்றது?"

நவீன்குமார் செய்துகொண்டிருந்தது தண்ணீர் பேட்டரி. பகலில் வெயிலில் பிடித்த கரண்டை ராத்திரிக்குச் சேமித்து வைக்கும் பெட்டி. செல்போனிலும் மின்சார ஸ்கூட்டரிலும் இருக்கிற பேட்டரி சூடேறினால் தீப்பிடிக்கும். அவனுடையது பிடிக்காது, உள்ளே இருப்பது துத்தநாக உப்புக் கரைத்த வெறும் தண்ணீர். வேலூரில் கோபால்சாமி நடத்தும் ஆராய்ச்சிக்கூடத்தில் உருவாக்கி, சோதனைக்கு நெல்லிமடுவில் கொண்டுவந்து வைத்தார்கள். அந்தப் பெட்டிகளால்தான் நர்ஸம்மா அறையில் பாம்புக்கடி மருந்து வைக்கும் ஃபிரிட்ஜ் மழைக்காலத்திலும் ஓடியது. ஊருக்குள் விளக்கும் எரிந்தது.

இன்றைய துப்பு ஒன்றே ஒன்று. சாவதற்கு முந்திய சாயங்காலம் நவீன் புவனாவிடம் போனில் சொன்ன வாக்கியம். 'கீழ்த்தட்டுக் கிழங்களுக்கு வயசு திரும்பிடுச்சு புவனா. ஏன்னு பாத்துட்டுச் சொல்றேன்.' கீழ்த்தட்டுக் கிழங்கள் என்றால் கொட்டகையின் அடித்தட்டில் இருக்கும் ஆறு பழைய பெட்டிகள், வலுக் குறைந்துகொண்டே வந்தவை, அவன் அப்படித்தான் கூப்பிடுவான் என்று அவள் போலீசில் சொல்லிப் பார்த்தாள். மனக்குழப்பத்தில் பேசியிருக்கிறார் என்று எழுதிக்கொண்டார்கள்.

"பேட்டரிக்கு வயசு திரும்புமா சார்?" என்றாள் அம்சவல்லி, அடுத்த வளைவில்.

"உனக்குத் திரும்புமா?"

"எனக்குத் தலைக்குச் சாயம் வாங்கிக் குடுத்தா திரும்பும்."

தாண்டவராயன் சிரிக்கவில்லை. "அப்போ யாரோ சாயம் பூசியிருக்கான்" என்றார்.

*

கொட்டகை ஊருக்கு வெளியே, பாறைச்சரிவின் விளிம்பில் இருந்தது. பின்பக்கம் ஒற்றையடிப் பாதை இறங்கி சுனையில் முடிந்தது. பாறைக்குள் கிணறு போல ஆழமாகப் போன சுனை. காலையிலிருந்தே மூடுபனி கலையவில்லை. அதற்குள்ளிருந்து யாராவது வருகிறார்களா என்று அம்சவல்லி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

எட்டாம் மாசத்தில் மலையேறாதே என்று சொன்னவர்கள் சொல்லிக்கொண்டே இருக்க, புவனா காலை பஸ்ஸில் வந்து கொட்டகை வாசலில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பெரியம்மாள். கொட்டகையைப் பெருக்கித் துடைத்து வைப்பவள், மலைக்காரி. சாவி ஒன்று அவளிடம், இன்னொன்று கோபால்சாமியிடம். நவீன் தன் சாவியைக்கூட அவளிடம்தான் வைத்திருந்தான்.

பெரியம்மாள் அவர்களைப் பார்த்ததும் முதலில் சொன்னது சாமையைப் பற்றித்தான். அன்றைக்கு நவீன் சாமை அரிசியை ஊறப்போட்டுவிட்டு, வேகவைக்கத் தன்னைக் கூப்பிட்டிருந்ததாகவும், சாவப்போகிறவன் சாப்பாட்டுக்கு ஊறப்போடுவானா என்றும் கேட்டாள். போலீஸிடமும் சொன்னாளாம். ஊறின சாமையெல்லாம் சாட்சி ஆகாது என்றார்களாம்.

உள்ளே மூன்று தட்டுள்ள இரும்பு அலமாரி சுவர் நீளத்துக்கு நின்றது. தட்டுக்கு ஆறாகப் பால் வெள்ளைப் பெட்டிகள். ஒவ்வொன்றும் ஒரு குடம் தண்ணீர் கனம் இருக்கும். மேலே திருகு மூடி. எண்கள் தட்டின் விளிம்பில் பெயின்டால் எழுதியிருந்தன. பெட்டிகளில் எதுவும் இல்லை. எல்லாம் ஒரே வார்ப்பு, ஒரே நிறம்.

"யாரு இது பண்ணியிருப்பான்னு எனக்குத் தெரியும் சார்" என்று அம்சவல்லி குரலைத் தாழ்த்தினாள். "ஒடுகத்தூர் ரமேஷ்."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. ரமேஷ் ஒடுகத்தூரில் பேட்டரிக் கடை வைத்திருப்பவன். தண்ணீர்ப் பெட்டி வந்த பிறகு மலையில் ஒருத்தரும் அவனிடம் இன்வர்ட்டர் பேட்டரி வாங்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் பத்துப் பேர் பார்க்க நவீனின் சட்டையைப் பிடித்து, உன் தண்ணிப் பெட்டியை ஒருநாள் நாறடிக்கிறேன் பார் என்று சொன்னவன். பெட்டிகளை இறக்கிக்கொண்டு போகக் கோபால்சாமி பேசியிருப்பதும் அவனுடைய குட்டி லாரியைத்தான்.

தாண்டவராயன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அடித்தட்டின் முன் குந்தினார். கோர்ட்டு நாளிலிருந்தே அவர் பழக்கம் அது. எதையும் தொடமாட்டார், பார்ப்பார்.

பார்க்க என்ன இருந்தது? ஆயுத பூஜைக்குப் பெரியம்மாள் வைத்த பொட்டுகள் இருந்தன. பெட்டிக்கு ஒன்றாக, மூடிக்குக் கீழே, கட்டைவிரலால் இழுத்த தடித்த தீற்றல். மேல் இரண்டு தட்டிலும் மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. அடித்தட்டில் ஆறும் சிவப்பு.

"இன்னாக்கா, அடித்தட்டுக்கு மட்டும் குங்குமம், மேல்தட்டுக்கு வெறும் மஞ்சளா?" என்று அம்சவல்லி பெரியம்மாளைச் சீண்டினாள். "சாமி காரியத்துலயே ஓரவஞ்சனை பண்ணா எப்படி?"

பெரியம்மாளுக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "நான் இன்னாத்துக்கு ஓரவஞ்சனை பண்றேன்? குங்குமம் வாங்கணும்னா ஒடுகத்தூர் போவணும். பூஜை அன்னைக்கு மழை, பஸ்ஸே வர்ல. வூட்ல கீற மஞ்சளைத்தான் ஒரைச்சு எல்லாத்துக்கும் வெச்சேன். குங்குமமே வெக்கல."

அம்சவல்லி அடித்தட்டின் சிவப்பைக் கைகாட்டினாள்.

"அப்புறம் இது இன்னா?" என்றாள் அம்சவல்லி.

பெரியம்மாள் குனிந்து பார்த்தாள். பூஜைக்குப் பிறகு எத்தனையோ தடவை பெருக்க வந்தவள்தான். குங்குமம் போல இருந்ததால் குங்குமம் என்றே கண் எடுத்துக்கொண்டது. பூஜை போட்ட பெட்டியில் சிவப்பைப் பார்த்தால் யாருக்குத்தான் சந்தேகம் வரும்? நான் வெக்கல, சத்தியமா வெக்கல என்று இரண்டு தடவை சொன்னாள். இரண்டாவது தடவை குரலில் பயம் இருந்தது.

அம்சவல்லி அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். குங்குமத்தின் சிவப்பு அல்ல அது. கொஞ்சம் செங்கல், கொஞ்சம் ரத்தம். அவளுக்கு அந்த நிறம் கைகளிலிருந்து தெரிந்தது. தெருவில் எந்தக் கல்யாணம் என்றாலும் மாப்பிள்ளை பெண் வாசலுக்கு வரும்போது ஆரத்தித் தட்டு கரைப்பது ஒரு காலத்தில் அவள்தான். தட்டில் தண்ணீர், மஞ்சள் தூள். வெற்றிலைக்குத் தடவுகிற சுண்ணாம்பை ஒரு விரலில் எடுத்து அதில் போட்டுக் கலக்கினால் மஞ்சள் ஒரு கண நேரம் யோசித்துவிட்டுச் சிவக்கும். புருஷன் போனதற்குப் பிறகு அந்தத் தட்டு அவளைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது. யாரும் எதுவும் சொல்லவில்லை. தட்டுதான் வரவில்லை.

"சார்" என்றாள். "இது ஆரத்தி."

தாண்டவராயன் திரும்பிப் பார்த்தார்.

"மஞ்சள்ல சுண்ணாம்பு பட்டா இப்படித்தான் ஆவும். மூடியைச் சுத்திக் கசிஞ்சிருக்குது பாருங்க. மேல்தட்டுலயும் கசிஞ்சிருக்குது, அங்க செவக்கல. இங்க செவந்துருக்குது. இந்த ஆறு பெட்டிக்குள்ள சுண்ணாம்பு மாதிரி இன்னாமோ கீது."

அவர் எழுந்தார். பிறகு பெரியம்மாளைப் பார்த்து, வீட்டில் இன்னும் மஞ்சள் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்.

மஞ்சள் வந்தது. பெரியம்மாள் உள்ளங்கையில் உரைத்துக் கொடுத்ததைத் தாண்டவராயன் ஒரு துடைப்பக் குச்சியால் தொட்டு, மேல்தட்டுப் பெட்டி ஒன்றின் மூடியோரக் கசிவில் வைத்தார். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. இன்னொரு குச்சியில் தொட்டு அடித்தட்டில் வைத்தார். வைத்த இடம் வெற்றிலை போட்ட வாய் போலச் சிவந்தது. ஆறிலும் வைத்துப் பார்த்தார். ஆறும் சிவந்தன.

வாசலில் புவனா எழுந்து நின்றுவிட்டாள்.

"அவரோட தண்ணி இப்படி இருக்காது" என்றாள். "புளித்தண்ணி அளவுக்குக்கூடப் புளிப்பு இல்லன்னு சொல்வாரு. ஒரு தடவை என் கையிலயே ஊத்திக் காட்டினாரு. அதனாலதான் அவர் கண்ணாடி, கையுறை எதுவும் போடமாட்டாரு. என் பேட்டரிக்கு நான் பயந்தா ஊர் எப்படி நம்பும்னு..."

வாக்கியம் பாதியில் நின்றது. நின்றது நின்றபடியே அவள் பார்வை கொட்டகையின் பின்வாசலுக்குப் போயிற்று. அங்கிருந்து ஒற்றையடிப் பாதைக்கு. பாதை முடிகிற இடத்துக்கு.

அம்சவல்லிக்கும் அப்போதுதான் மொத்தமும் கண்ணில் தெரிந்தது. கிழங்களுக்கு எப்படி வயசு திரும்பியது என்று பார்க்க நவீன் குந்துகிறான். தன் தண்ணீர்தானே என்று முகத்தைக் கிட்டே வைத்து மூடியைத் திருகுகிறான். உள்ளே அழுத்தத்தோடு காத்திருந்த சுண்ணாம்புக் காரம் கண்ணில் அடிக்கிறது. கண்ணில் சுண்ணாம்பு விழுந்தவன் எங்கே ஓடுவான்? தண்ணீரைத் தேடி ஓடுவான். பக்கத்தில் இருந்த தண்ணீர் சுனை ஒன்றுதான்.

அவள் போய்ப் புவனாவின் கையைப் பிடித்தாள்.

புவனா மெதுவாகச் சொன்னாள். "கண்ணு கழுவத்தான் போயிருக்காரு."

*

வளைவுக்குக் கீழே ஹார்ன் சத்தம் கேட்டது. ஒன்று ஜீப், இன்னொன்று குட்டி லாரி.

"மஞ்சளைக் காட்டி நாலு கேள்வி கேட்டா ரமேஷ் கக்கிடுவான் சார்" என்று அம்சவல்லி பரபரத்தாள்.

"மஞ்சள் பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு சொல்லும். யார் வெச்சான்னு சொல்லாது. நான் இல்லைன்னு சொல்லிட்டா முடிஞ்சது." தாண்டவராயன் சட்டைக் கையை மடித்துக்கொண்டிருந்தார். "இந்தப் பக்கம் பிடி."

அடித்தட்டில் மூன்றாவதாக இருந்த சிவப்புப் பெட்டியை இருவருமாகப் பழைய சாக்கைச் சுற்றித் தூக்கி நடுத்தட்டில் பொட்டு பின்பக்கம் இருக்கும்படி வைத்தார்கள். அங்கிருந்த மஞ்சள் பெட்டியைக் கீழே காலியான இடத்தில் அதேபோலத் திருப்பி வைத்தார்கள். எதற்கு என்று அம்சவல்லி கேட்டாள். அவர் கையைத் துடைத்துக்கொண்டார்.

"ஒண்ணு மட்டும் செய். நான் ஒருத்தனைக் குனியச் சொல்வேன். அப்போ பெட்டியைப் பாக்காதே, முகத்தைப் பாரு."

"யார் முகத்தை சார்?"

அதற்குள் ஆட்கள் வந்துவிட்டார்கள்.

கோபால்சாமி முதலில் புவனாவிடம்தான் போனார். நல்ல உயரம், நரைத்த மீசை, தணிந்த குரல். நவீன் கல்யாணத்தில் மாலை எடுத்துக் கொடுத்தவர். இந்த நிலைமையில் இவ்வளவு தூரம் வரலாமா அம்மா என்று கடிந்துகொண்டு, தன் ஜீப்பிலேயே வீட்டில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். நவீன் மனசு விட்டுப் பேசியிருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றும் சொன்னார். சொல்லும்போது அவர் கண் நிஜமாகவே கலங்கியது. தாண்டவராயனைப் பார்த்து ஒரு தலையசைப்பு. துப்பறிகிறவர்கள் மேல் அவருக்குக் கோபம் ஒன்றும் இல்லையாம், பெட்டிகளை ஏற்றிக்கொள்ளும் வரை யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாமாம்.

அதற்குள் ஊர் ஆட்களும் ஒவ்வொருவராக வந்து கொட்டகைக்கு வெளியே நின்றார்கள். விளக்கு போகப்போகிறதே என்ற கவலை அவர்களுக்கு.

ரமேஷ் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே வந்தான். அம்சவல்லி அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னாண்ணே, நாறடிக்கிறேன்னு சொன்ன பெட்டியை இப்ப நீயே தூக்கிச் சுமக்குற."

"அது கோவத்துல சொன்னதுக்கா" என்றான், முகத்தைப் பார்க்காமல். "அதைச் சொல்லிச் சொல்லியே என்னைக் கொல்றீங்க."

கோபால்சாமி வாசலில் நின்றபடி மேல்தட்டிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார். ரமேஷ் ஒவ்வொன்றாகத் தோளில் வைத்துக்கொண்டு போனான். ஒரு பெட்டியின் மூடி சரியாக இல்லாமல் அவன் முழங்கை வரை ஒழுகியது. லுங்கியில் துடைத்துக்கொண்டான். கோபால்சாமி அதைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை, போனில் யாருக்கோ ஏதோ தட்டிக்கொண்டிருந்தார்.

மேல்தட்டு காலியானது. ரமேஷ் திரும்பி வந்தபோது தாண்டவராயன் சாதாரணமாகச் சொன்னார்.

"தம்பி, அடித்தட்டுல மூணாவது பெட்டிக்கு மூடி லூசா இருக்கு. வழியில கொட்டிடும். ஒரு தடவை முழுசாத் திறந்து, சரியா முறுக்கிடு."

அம்சவல்லி ரமேஷின் முகத்தையே பார்த்தாள். தயங்குவான். கை பின்னால் போகும். ஏதாவது சாக்குச் சொல்லுவான்.

ரமேஷ் தயங்கவே இல்லை. மூன்றாவது பெட்டியின் முன் குந்தினான். மூடி எந்தப் பக்கம் திருகுகிறது என்று பார்க்க முகத்தைப் பெட்டிக்கு ஒரு சாண் தூரத்தில் கொண்டுபோனான். வெறும் கையால் மூடியைப் பற்றினான். வாயில் ஏதோ சினிமாப் பாட்டு. அவனுக்கு ஒன்றுமே தெரியாது என்று அம்சவல்லிக்கு அந்தக் கணமே புரிந்துவிட்டது.

"ரமேஷ், விடு."

குரல் வாசலிலிருந்து வந்தது. அது தணிந்த குரலாக இல்லை.

"கையை எடு. முகத்தைத் திருப்பு, திருப்புடா. கண்ணாடி போடாம அதைத் திறக்காதே, கண்ணு போயிடும்."

கோபால்சாமி இரண்டே எட்டில் உள்ளே வந்து ரமேஷின் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். ரமேஷ் மல்லாந்து விழுந்தான். போன் எங்கோ போய் விழுந்தது.

"இன்னா சார் நீங்க" என்று ரமேஷ் எழுந்து புட்டத்தைத் தட்டிக்கொண்டான். "இவ்ளோ நேரம் மேல்தட்டுது என் கை மேலயே ஒழுகுச்சு. அப்போ ஒரு வார்த்தை சொல்லல."

தாண்டவராயன் குந்தினார். அந்த மூன்றாவது பெட்டியின் மூடியைத் தானே திருகி எடுத்தார். உள்ளே ஒரு விரலை விட்டு, நனைந்த விரலைத் தன் புறங்கையில் நிதானமாகத் தேய்த்துக்கொண்டார்.

"இது நடுத்தட்டுல இருந்த பெட்டி சார். நீங்க வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி நாங்கதான் இடம் மாத்தி வெச்சோம். இதுல நவீன் தம்பி கரைச்ச தண்ணிதான் இருக்கு, ஒண்ணும் செய்யாது. ஆனா இந்த இடத்துல இருக்கிற பெட்டி கண்ணைக் குருடாக்கும்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. எப்படித் தெரிஞ்சது?"

கோபால்சாமி சொல்லைத் தேடினார். "பொதுவா... ஒரு ஜாக்கிரதைக்காக..."

கான்ட்ராக்டர் எழுதிய 'அஜாக்கிரதை' நினைவுக்கு வந்து அம்சவல்லி பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"எதிரியா இருந்தா பெட்டியைக் கெடுத்திருப்பான்" என்று தாண்டவராயன் எழுந்தார். "ரமேஷ் கெடுக்கத்தான் ஆசைப்பட்டான். இந்த ஆறு பெட்டியும் கெடல சார், நல்லாயிடுச்சு. பேட்டரி நல்லா இருக்கணும்னு எதிரி நினைப்பானா? இது நல்ல பேர் வாங்க ஆசைப்பட்டவன் வேலை. அந்த யோசனை எனக்குக் காலையிலேயே வந்தது. ஆள் யாருன்னு உறுதி பண்ணத்தான் இந்தத் தம்பியைக் குனிய வெச்சேன்."

வெளியே நின்ற ஊர் ஆட்கள் வாசலை அடைத்துக்கொண்டு நெருங்கினார்கள். கோபால்சாமி அவர்களைப் பார்த்தார், ஜீப்பைப் பார்த்தார். இன்னும் ஏதோ சொல்லித் தப்பித்துவிடலாம் என்கிற கணக்கு அவர் முகத்தில் ஓடியதை அம்சவல்லி கண்டாள். அப்போது புவனா அவர் முன்னால் வந்து நின்றாள். கத்தவில்லை.

"ரமேஷுக்குச் சொன்னீங்க சார். அவருக்கு ஏன் சொல்லல?"

கோபால்சாமி அலமாரியைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் சொன்னதை யாரும் இடைமறிக்கவில்லை. பெட்டியைப் பார்க்கப் பெரிய இடத்திலிருந்து ஆட்கள் வரவிருந்தார்கள். அவர்களுக்குப் பிடித்துவிட்டால் மலை முழுக்க இப்படிக் கொட்டகை எழும். அந்த நேரம் பார்த்து நவீன், பழைய ஆறு பெட்டிக்குள் துத்தநாகம் முள் முள்ளாக வளர்ந்து வலுக் குறைகிறது, அதையும் அவர்களிடம் சொல்லிவிட வேண்டும் என்று நின்றான். சரிசெய்ய இன்னும் ஒரு வருஷம் கேட்டான். சொல்லாதே என்று இவர் கெஞ்சினார். அவன் ஒப்பவில்லை. ஆயுத பூஜைக்கு முன்னால், புவனாவின் வளைகாப்புக்கு அவன் ஊருக்குப் போனபோது, வெளியில் விலைக்குக் கிடைக்கும் காரத் திரவ பேட்டரிகளை அதே வெள்ளைப் பெட்டிகளில் பொருத்தித் தன் ஜீப்பில் கொண்டுவந்து அடித்தட்டில் வைத்துவிட்டார். அதற்குள்ளும் தண்ணீர்தான். ஆனால் சுண்ணாம்பைவிடப் பல மடங்கு காரம். வந்தவர்கள் போனதும் எடுத்துவிடுவதாகத்தான் எண்ணம். மழையில் பாதை அடைபட்டது. நவீன் முந்திக்கொண்டான்.

நவீன் செத்த அன்றைக்குக் காலை போனைக் கையில் எடுத்தாராம். அடித்தட்டைத் திறக்காதே என்று ஒரு வார்த்தை. சொன்னால் ஏன் என்று கேட்பான். நாளைக்கு நேரில் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று போனைக் கீழே வைத்துவிட்டாராம். மறுநாள் அவனுடைய சாவுச் செய்திதான் வந்தது. அவன் கொஞ்ச நாளாகவே மனசு உடைந்திருந்தான் என்று போலீசில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவரும் அவரே.

சொல்லி முடித்துவிட்டு அவர் புவனாவின் காலைப் பார்த்துக்கொண்டு, ஒரு உயிரைக் கொல்ல நினைக்கவில்லை அம்மா என்றார். அது உண்மையாகவும் இருக்கலாம் என்று அம்சவல்லிக்குத் தோன்றியது. அவள் புருஷனின் கம்பத்துக்குக் கீழே சுவிட்சைப் போட்டவனும் அதையேதான் சொன்னான்.

"போலீசுக்கு நீங்க எழுதிக் குடுக்கறது அப்புறம்" என்றாள் புவனா. "இப்போ ஒண்ணு சொல்லணும். அவர் தானா சாகலன்னு சொல்லுங்க."

கோபால்சாமியின் உதடு அசைந்தது.

"எனக்குச் சொல்ல வேண்டாம். எனக்குத் தெரியும். வெளிய போய்ச் சொல்லுங்க."

அவரால் எழ முடியவில்லை. ரமேஷ்தான் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி வாசலுக்குக் கொண்டுபோய் நிறுத்தினான். பனிக்குள் மங்கலாக நின்ற முகங்களைப் பார்த்துக் கோபால்சாமி சொன்னார்.

"நவீன் தற்கொலை பண்ணிக்கல."

"கேக்கல சார்" என்றாள் பின்னாலிருந்து புவனா.

அவர் மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடி சொன்னார். இந்தத் தடவை அது சரிவில் இறங்கி, சுனையின் எதிர்ப்பாறையில் பட்டுத் திரும்பி வந்தது. கூட்டத்தின் முன்வரிசையில் நின்ற ஒரு கிழவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டார். அவரைப் பார்த்துப் பக்கத்தில் நின்றவரும் அவிழ்த்தார். பிறகு ஒவ்வொருவராக எல்லாரும்.